ராய்ஸ் வாங்கிய பழைய கார்

ரோல்ஸ் ராய்ஸ்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மகாராஜாக்கள், வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர், ரேடியேட்டர் மேல பறக்கிற மாதிரி நிற்கிற சின்னச் சிலை. அந்தப் பெயரோட இரண்டாவது பாதிக்குச் சொந்தக்காரரான ஹென்றி ராய்ஸ் ஒரு மகாராஜாவும் இல்லை, பணக்கார வீட்டுப் பிள்ளையும் இல்லை. அவர் கார் உலகத்துக்குள்ள வந்தது ஒரு செகண்ட் ஹேண்ட் காரோட கோளாறுகள் வழியாகத்தான். வீட்டில ஒரு பழைய வண்டி நிற்குது, காலையில ஸ்டார்ட் ஆகுமா ஆகாதான்னு தெரியாமல் சாவியைத் திருப்புறீங்கன்னா, இந்த மனுஷனை நீங்க தெரிஞ்சுக்கணும்.

1863 மார்ச் 27-ல் இங்கிலாந்தில் பீட்டர்பரோ பக்கத்தில் ஆல்வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப் போனவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் லண்டன் போனது. பையனுக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு பேப்பர் விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். பள்ளிக்கூடம் போனது எல்லாம் சேர்த்து ஒரு வருஷம் தேறும். நாம எட்டு செமஸ்டர் படிச்சும் வைவாவில் முழிக்கிறோம், அதை இப்போ பேச வேண்டாம்.

ஒரு அத்தை வருஷத்துக்கு 20 பவுண்டு கட்டியதால் பீட்டர்பரோவில் ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். தங்கியிருந்த வீட்டின் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு லேத் இருந்தது. ஃபைலிங், ஃபிட்டிங் எல்லாம் அங்கே ராத்திரியில் கைப்பழக்கமாக வந்தது. மூன்று வருஷத்தில் அத்தையின் பணம் தீர்ந்துபோய், அப்ரண்டிஸ்ஷிப் பாதியிலேயே நின்றது. லீட்ஸில் வாரத்துக்கு 54 மணி நேரம் உழைத்து 11 ஷில்லிங் சம்பளம் வாங்கினார். அப்புறம் லண்டனில் ஒரு மின்விளக்குக் கம்பெனியில் வேலை, சாயங்காலத்தில் வகுப்பு. மின்சாரம் அப்போ புத்தம்புதுத் துறை. எல்லாரும் தொடக்கநிலைதான் என்பதால் சர்டிபிகேட் இல்லாதவனுக்கும் அங்கே இடம் இருந்தது.

1884-ல் மான்செஸ்டரில் ஹியூம் பகுதியில் குக் தெருவில் எர்னஸ்ட் கிளேர்மாண்ட் என்பவரோடு சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை ஆரம்பித்தார். ராய்ஸ் போட்டது 20 பவுண்டு, கிளேர்மாண்ட் போட்டது 50. முதலில் செய்து விற்றது வீட்டு வாசலில் வைக்கும் மின்சார மணி. பிறகு டைனமோ, மின்சார கிரேன். அவருடைய டைனமோக்களுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது: கம்யூட்டேட்டரில் தீப்பொறி பறக்காது, அதனால் வருஷக்கணக்கில் ஓடும். இந்த மணியையும் பொறியையும் மனசில வச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில தேவைப்படும்.

1900-ஐ ஒட்டி வியாபாரம் படுத்தது. வெளிநாட்டுச் சாமான் மலிவாக வந்து இறங்கியது. தரத்தைக் குறைத்து விலையைக் குறைக்க ராய்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டையே மறந்து வேலை செய்பவர் என்பதால் உடம்பும் கெட்டது. கூட இருந்தவர்கள் வற்புறுத்தி ஓய்வுக்குக் கப்பல் ஏற்றி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும், 1903 வாக்கில், பிரான்சில் தயாரான டெகோவில் என்ற 10 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சிலிண்டர் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார்.

பல கட்டுரைகளில் இந்த டெகோவிலை ஒரு டப்பா வண்டி மாதிரி எழுதியிருப்பார்கள். ராய்ஸை உயர்த்திக் காட்டுவதற்கு அது வசதி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் காலத்துக்கு அது நல்ல கார். மட்டமான வண்டியாக இருந்திருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். அடிப்படை நன்றாக இருந்து, நாலைந்து கோளாறு மட்டும் தொந்தரவு செய்கிற வண்டிதான் ஒரு இன்ஜினியரைத் தூங்கவிடாது. சத்தம், அதிர்வு, என்ஜின் சூடாவது, இக்னிஷன் நம்ப முடியாமல் இருப்பது. இந்தப் பட்டியலைப் பாருங்க. இன்றைக்கு ஒரு பழைய கார்புரேட்டர் மாருதி 800 வைத்திருப்பவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

முதலில் இக்னிஷன். அந்தக் காலத்துக் கார்களில் பரவலாக இருந்தது டிரெம்ப்ளர் காயில். பேட்டரியில் இருந்து காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ஒரு மெல்லிய தகடு அதிர்ந்து அதிர்ந்து வெட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பார்க் பிளக்கில் ஒரு பொறி. யோசிச்சுப் பாருங்க, இது வாசல் மணிக்குள் இருக்கும் அதே ஏற்பாடுதான்! மணியில் தகடு மணியை அடிக்கும், காரில் பொறியை உண்டாக்கும். இருபது வருஷமாக மணியும் டைனமோவும் செய்த மனுஷனிடம் இந்தக் கோளாறு போய் மாட்டியது. பாயிண்ட் கருகினால், இடைவெளி மாறினால், பொறி பலவீனமாகும். என்ஜின் மிஸ் ஆகும். மற்றவர்களுக்குப் புரியாத புதிராக இருந்தது அவருக்குத் தினசரித் தொழில்.

நம்ம பழைய வண்டியிலும் ஸ்டார்டிங் ட்ரபிள் என்றதும் புது பேட்டரி வாங்க ஓடுவோம். பல சமயம் பேட்டரி நன்றாகத்தான் இருக்கும், டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த பொடிதான் காரணம். நம்ம லேபில இருக்கிற மல்டிமீட்டர் போதும். ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தண்டிலும் இன்னொரு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேலும் வைத்து, நண்பனை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பில் மின்சாரம் வீணாகுது. சுத்தம் செய்து இறுக்கினாலே வேலை முடிந்தது. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் எர்த் ஒயரையும் இப்படியே பாருங்க. பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து, யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கும்.

அதிர்வுக்கு வருவோம். வண்டி ஆடுது என்பது ஒரு புகார், அவ்வளவுதான். அதை வைத்து எதையும் மாற்ற முடியாது. நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதும் ஆடினால் கோளாறு என்ஜின் பக்கம். ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடினால் சக்கரமோ, சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டோ. என்ஜின் பக்கம் என்று தெரிந்தால் ஒவ்வொரு சிலிண்டராகத் துண்டித்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். எந்த சிலிண்டரைத் துண்டித்தும் என்ஜின் வேகம் குறையவில்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. பிளக்கைக் கழற்றினால் மீதியை அதுவே சொல்லும்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது அளவுக்கு மீறிய சூடு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது. சூடாவதிலும் இப்படித்தான், எப்போது என்ற கேள்வி முக்கியம். டிராஃபிக்கில் மட்டும் சூடானால் ஃபேனைப் பாருங்க. ஹைவேயில் ஓடும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட். ஆயில் பால் டீ மாதிரி ஆகியிருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திடுங்க, அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்.

ராய்ஸ் டெகோவிலை ஓட்டினார், கழற்றினார், திருத்தினார். பிறகு தானே மூன்று கார்கள் கட்டுவது என்று முடிவெடுத்தார். எரிக் பிளாட்ஃபோர்டு, ஹால்டன்பி என்ற இரண்டு இளைஞர்கள் கூட நின்று இரவும் பகலும் உழைத்தார்கள். 1904 ஏப்ரல் 1-ம் தேதி முதல் ராய்ஸ் கார் பட்டறையை விட்டு வெளியே வந்தது. அதில் உலகம் பார்க்காத கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன், டெகோவில் மாதிரியேதான். வித்தியாசம் ஒவ்வொரு பாகமும் செய்யப்பட்ட விதத்தில் இருந்தது. இக்னிஷன் நம்பகமாக இருந்தது, எக்ஸாஸ்ட் சத்தம் அடங்கியிருந்தது, என்ஜின் வழவழவென்று ஓடியது.

லண்டனில் சார்லஸ் ரோல்ஸ் என்ற பிரபுவின் மகன் வெளிநாட்டுக் கார்களை இறக்கி விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு சிலிண்டர் என்றாலே உதறும் என்பது அவருடைய எண்ணம். ஹென்றி எட்மண்ட்ஸ் என்ற பொது நண்பர் அவரை மான்செஸ்டருக்குக் கூட்டி வந்தார். 1904 மே 4-ம் தேதி மிட்லண்ட் ஹோட்டலில் சந்திப்பு. அந்தக் காரில் உட்கார்ந்து பார்த்த பிறகு, ராய்ஸ் எத்தனை கார் செய்தாலும் அத்தனையையும் தானே விற்பதாக ரோல்ஸ் ஒத்துக்கொண்டார். டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. அடுத்து செய்த ஆறு சிலிண்டர் காரில் கிராங்க் ஷாஃப்டுகள் உடைந்தன. நீளமான ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு அதிர்கிறது என்பதுதான் பிரச்சினை. டைனமிக்ஸ் பேப்பரில் டார்ஷனல் வைப்ரேஷன்னு எழுதி மார்க் வாங்குறோமே, அதேதான். அதன் பிறகு வந்த 40/50 காரில் ஷாஃப்டைத் தடிமனாக்கி, ஏழு பேரிங்கில் உட்கார வைத்து, சிலிண்டர்களை மூன்று மூன்றாகப் பிரித்தார். அந்த வரிசையில் வெள்ளிப் பூச்சோடு வந்த ஒரு கார்தான் சில்வர் கோஸ்ட்.

1907-ல் அதை ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மாறி மாறி 15,000 மைல் ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. 629-வது மைலில் குலுங்கலில் பெட்ரோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டு என்ஜின் நின்றது. அதைத் திறந்துவிட்டார்கள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மீதி 14,371 மைலுக்கு வண்டி தானாக எங்கேயும் நிற்கவில்லை. ஆனா எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். காரை முழுசாகக் கழற்றி, எந்தப் பாகம் எவ்வளவு தேய்ந்திருக்கு என்று கிளப் ஆட்கள் அளந்தார்கள். புதுசு மாதிரி ஆக்கத் தேவையான பாகங்களின் விலை 2 பவுண்டு 2 ஷில்லிங் 7 பென்ஸ். பழைய கார் வாங்கும்போது இப்படி ஒரு ரிப்போர்ட் கையில கொடுத்தா எப்படி இருக்கும்!

1910 ஜூலையில் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். வயது 32. அடுத்த வருஷம் ராய்ஸ் படுக்கையில் விழுந்தார். பெரிய அறுவை சிகிச்சை நடந்தது, பிழைப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. சின்ன வயசுப் பட்டினியும், பட்டறையில் சாப்பிடாமல் கழிந்த ராத்திரிகளும் திருப்பி வசூலித்தன என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் பாகங்களுக்குக் காட்டிய அக்கறையில் பாதியைக்கூடத் தன் உடம்புக்குக் காட்டவில்லை. பிழைத்தார், ஆனால் டெர்பியில் இருந்த தொழிற்சாலைக்குப் பழையபடி வேலைக்குத் திரும்பவில்லை. குளிர்காலத்தில் பிரான்சின் தென்கடற்கரை, மற்ற நாட்களில் இங்கிலாந்தின் தெற்குப் பக்கம், எதெல் ஆபின் என்ற நர்ஸின் கவனிப்பில். வரைபடங்கள் அவரைத் தேடி வந்தன, திருத்தங்களோடு திரும்பிப் போயின.

1912-ல் ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு வாடிக்கையாளரின் சில்வர் கோஸ்ட், காட்ஷ்பெர்க் ஏற்றத்தில் நின்றுவிட்டது. பெரிய அவமானம். என்ஜினில் சக்தி இல்லாமல் இல்லை. கியர் பாக்ஸில் இருந்தது மூன்று கியர்தான், முதல் கியர் அந்த ஏற்றத்துக்கு ஒத்துவரவில்லை. நான்கு கியர் வந்தது. மறுவருஷம் அதே மலையில் இந்தக் கார்கள்தான் முன்னால் நின்றன.

முதல் உலகப் போரில் விமான என்ஜின் பக்கம் வந்தார். 1919-ல் ஆல்காக்கும் பிரௌனும் எங்கேயும் இறங்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தில் இருந்தது அவருடைய இரண்டு ஈகிள் என்ஜின்கள். 1929-ல் ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்துக்காக ஆர் என்ஜின். அதை முழு வேகத்தில் ஓட்டுவார்கள், ஏதாவது உடையும், ஏன் உடைந்தது என்று பார்த்து அதை மட்டும் பலப்படுத்தி மறுபடி ஓட்டுவார்கள். இரண்டு வருஷத்தில் சுமார் 1,900 குதிரைத்திறனில் இருந்து 2,300-க்கு மேல் போனது. 1930-ல் அவருக்கு சர் பட்டம் வந்தது.

கடைசி நாட்களில், படுக்கையில் இருந்தபடியே ஒரு கவரின் பின்பக்கத்தில் ஷாக் அப்சார்பர் ஒன்றின் படத்தை வரைந்தார் என்று சொல்கிறார்கள். சாலைக்குத் தகுந்தபடி அதன் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி. டெர்பியில் இருக்கும் பசங்களிடம் பத்திரமாகச் சேர்க்கச் சொல்லி நர்ஸிடம் கொடுத்தாராம். 1933 ஏப்ரல் 22-ம் தேதி இறந்தார். அந்தக் கவர் டெர்பிக்குப் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.