துருப்பு வேண்டுமா, வேண்டாமா? கணக்குப் போட்டுச் சொன்ன வழக்கறிஞர்

பள்ளி முகாமிலோ தொடக்கக் கல்லூரியிலோ நண்பர்களோடு பிரிட்ஜ் ஆடியிருக்கீங்களா?

கையில் 13 சீட்டு. ஏலம் உங்க பக்கம் வருது. ஸ்பேட்ஸைத் துருப்பாகக் கேட்பதா? இல்லை, துருப்பே வேண்டாம்னு 'நோ ட்ரம்ப்' சொல்வதா?

இந்தக் குழப்பத்துக்குச் சாதாரண ஆட்டக்காரர்களும் போடக்கூடிய ஒரு கணக்கைக் கொடுத்தவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் கோரன் (1901–1991).

யார் இவர்?

ரஷ்யாவிலிருந்து பிலடெல்ஃபியாவுக்குக் குடியேறிய ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர் கோரன். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். அப்போது அவர் பிரிட்ஜ் ஆடியதைப் பார்த்து ஒரு பெண் சிரித்துவிட்டாராம். அந்த வெட்கத்தில்தான் புத்தகம் வாங்கி ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கினார் என்று சொல்வார்கள்.

ஊர் திரும்பி வழக்கறிஞரானார். ஆனால் மனசு சீட்டுக்கட்டில்தான். அன்றைய பிரபல பிரிட்ஜ் வல்லுநர் மில்ட்டன் வொர்க்குக்கு எழுத்து வேலைகளில் உதவினார்.

1936இல் கோரனின் முதல் புத்தகம் வந்தது. வழக்கறிஞர் தொழிலை விட்டார். அமெரிக்கா பொருளியல் மந்தத்திலிருந்து முழுசா மீளாத நேரம் அது. அப்போது நிலையான தொழிலை விட்டுவிட்டுச் சீட்டாட்டத்தை நம்புவது சாதாரண முடிவு இல்லை.

அதுவரை என்ன சிக்கல்?

1930களில் கொடிகட்டிப் பறந்தவர் ஈலி கல்பர்ட்சன். அவருடைய முறையில் பெரிய சீட்டுகளின் பலத்தை அரை, ஒன்று, ஒன்றரை என்று கூட்ட வேண்டும். புதிதாக ஆடுபவர்களுக்குத் தலை சுற்றும்.

இன்னொரு முறையும் இருந்தது. ஏஸ் 4, கிங் 3, குவீன் 2, ஜாக் 1. இதைப் பரப்பியவர் மில்ட்டன் வொர்க். நோ ட்ரம்ப்புக்கு இது நன்றாகப் பொருந்தியது. துருப்பு வைத்து ஆடும்போது பொருந்தவில்லை. காரணம், அங்கே பெரிய சீட்டு மட்டும் பேசாது. கையின் அமைப்பும் பேசும்.

கோரன் என்ன செய்தார்?

டொரொண்டோவைச் சேர்ந்த காப்புறுதிக் கணக்கியல் வல்லுநர் வில்லியம் ஆண்டர்சனின் உதவியோடு கையின் அமைப்புக்கும் புள்ளி கொடுத்தார். ஒரு வகைச் சீட்டு கையில் இரண்டே இருந்தால் 1 புள்ளி. ஒன்றே ஒன்று என்றால் 2. ஒன்றுகூட இல்லை என்றால் 3. 1949இல் இதை விளக்கும் புத்தகத்தை வெளியிட்டார்.

ஒரே கை, இரண்டு மதிப்பு

உதாரணத்துக்கு இந்தக் கையைப் பாருங்க: ஸ்பேட்ஸில் ஏஸ், கிங் உட்பட 5 சீட்டு. டைமண்ட்ஸில் கிங், குவீன் உட்பட 4. கிளப்ஸில் 3 சின்னச் சீட்டு. ஹார்ட்ஸில் ஒரே ஒரு சின்னச் சீட்டு.

பெரிய சீட்டுகளுக்கு 12 புள்ளி. நோ ட்ரம்ப் என்றால் அவ்வளவுதான். எதிரணி ஹார்ட்ஸை வரிசையாக இறக்கினால், உங்களால் தடுக்க முடியாது.

ஸ்பேட்ஸ் துருப்பு என்றால்? இரண்டாவது ஹார்ட்ஸிலேயே வெட்டிவிடலாம். அதனால் 2 புள்ளி கூடி 14 ஆகிறது. அங்கே ஓட்டையாக இருந்தது இங்கே பலம்!

எப்படி முடிவெடுப்பது?

• ஸ்பேட்ஸ் அல்லது ஹார்ட்ஸில் உங்களுக்கும் கூட்டாளிக்கும் சேர்த்து 8 சீட்டு இருந்தால், பெரும்பாலும் அதுவே துருப்பு. 'கேம்' எடுக்க 10 சுற்று வெல்ல வேண்டும்.

• இருவர் கையிலும் நான்கு வகையும் சமமாகப் பரவியிருந்தால் நோ ட்ரம்ப். 9 சுற்று போதும். கோரன் கணக்கில் இந்த இரண்டுக்குமே இருவருக்கும் சேர்த்துச் சுமார் 26 புள்ளி தேவை.

• டைமண்ட்ஸ், கிளப்ஸ் என்றால் 11 சுற்று வேண்டும், புள்ளியும் சுமார் 29. அதனால் முடிந்தால் நோ ட்ரம்ப் பக்கம் போவதே லாபம்.

ஆனால் ஒன்று. உங்களிடம் ஒன்றே ஒன்று இருக்கும் ஹார்ட்ஸ்தான் கூட்டாளியின் நீளமான வகை, ஸ்பேட்ஸோ அவரிடம் இல்லை என்றால், அந்தக் கூடுதல் 2 புள்ளியை நம்பக்கூடாது. கூட்டாளி என்ன கேட்கிறார் என்பதைக் கவனித்து, கணக்கை மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

பிறகு?

ஆண்களின் களம் என்று கருதப்பட்ட காலத்தில் ஹெலன் சோபெலுடன் ஜோடி சேர்ந்து பல வெற்றிகளைக் குவித்தார் கோரன். 1950இல் முதல் பெர்முடா கிண்ண உலக வெற்றியாளர் பட்டத்தை வென்ற அமெரிக்கக் குழுவிலும் இருந்தார். 1958இல் டைம் சஞ்சிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. தொலைக்காட்சியிலும் பிரிட்ஜ் நிகழ்ச்சி நடத்தினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 90 வயதில் கலிஃபோர்னியாவில் காலமானார்.

ஏல முறைகள் இன்று நிறைய மாறிவிட்டன. நோ ட்ரம்ப்பில் ஏலத்தைத் தொடங்க அவர் கேட்டது 16 முதல் 18 புள்ளி. இப்போது பலர் 15 முதல் 17 வைத்தே தொடங்குறாங்க.

ஆனாலும் பிரிட்ஜ் வகுப்பில் முதல் நாள் சொல்லித் தருவது பெரும்பாலும் அதே 4, 3, 2, 1தான். அடுத்த முறை சீட்டைக் கையில் எடுத்ததும் புள்ளியை மட்டும் எண்ணாதீங்க. எந்த வகை குறைவாக இருக்குன்னும் பாருங்க.