மழையில் நின்று கோப்பை வாங்கியவர்

1963-ம் ஆண்டு. தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் நேட்டால் ஓப்பன் கோல்ப் போட்டி முடிந்தது.

வெளியே மழை. தோற்றுப்போன வெள்ளையர்கள் நனையாமல் கிளப் மாளிகைக்குள் இருந்தார்கள். வென்றவர் மட்டும் மழையில் நின்று கோப்பை வாங்கினார்!

அவர் செய்த குற்றம் என்ன? இந்தியராகப் பிறந்ததுதான்!

அவர் பெயர் பாப்வா செவ்கோலம்.

கப்பலில் போனவர்கள்

நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் 1911 வரை இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு போகப்பட்டார்கள். திருவண்ணாமலை வட்டாரம் அடங்கிய ஆற்காட்டுச் சீமையிலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள் ஏராளம். வட நாட்டார் கல்கத்தாவில் கப்பல் ஏறினார்கள். எந்த ஊராராக இருந்தாலும் அங்கே எல்லோரும் கூலிகள்தான். அந்தக் கூலிகளின் வழி வந்தவர் பாப்வா.

தலைகீழ்ப் பிடி

குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறவரே கோல்ப் ஆட்டத்தில் வெற்றி பெறுவார். டர்பன் பீச்வுட் மைதானத்தில் வெள்ளையர்களின் மட்டைப் பையைச் சுமந்த பாப்வா, பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றார். எழுதப் படிக்கத் தெரியாது. வலது கைக்காரர்கள் இடது கையை மேலே வைத்து மட்டையைப் பிடிப்பார்கள். பாப்வா அதைத் தலைகீழாகப் பிடித்தார்.

கிரஹாம் வுல்ப் என்ற தொழில் அதிபர் 1959-ல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். அங்கே டச்சு ஓப்பனை பாப்வா வென்றார். 1960, 1964-லும் அதே கோப்பை அவருக்குத்தான்!

பறிபோன ஆட்டம்

மழையில் நின்ற பாப்வாவின் படம் உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. நிறவெறி நாட்டோடு விளையாடக்கூடாது என்ற குரல் வலுத்தது. 1964 ஒலிம்பிக்கில் தென் ஆப்பிரிக்காவுக்கு இடம் இல்லை.

1965-ல் பாப்வா மறுபடி நேட்டால் ஓப்பனை வென்றார். தோற்றவர்களில் ஒருவர் கேரி பிளேயர். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனை வென்ற மாவீரர் அவர்!

அதன்பின் சர்க்கார் கதவைச் சாத்தியது. வெள்ளையர்களோடு ஆட அனுமதி மறுக்கப்பட்டது. வெளிநாடு செல்ல பாஸ்போர்ட்டும் இல்லை. ஆடும் வயதில் ஆட்டத்தை இழந்த பாப்வா, 1978-ல் வறுமையில் காலமானார்.

நிறவெறி ஆட்சி 1994-ல் ஒழிந்தது.  டர்பனில் ஒரு கோல்ப் மைதானம் பாப்வாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிளப் வாசற்படி ஏற விடாத ஊரில், ஒரு மைதானத்துக்கே அவர் பெயர்!