எட்வின் லேண்ட்

எட்வின் லேண்ட் 1909-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தார். 1937-இல் போலராய்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

1943-இல் அவர் தம் சிறுமகளைப் படம் எடுத்தார். அப்படத்தை உடனே காண இயலாதது ஏன் என்று அவள் வினவினாள். குழந்தையின் பேச்சென்று அதனை அவர் ஒதுக்கவில்லை. அதற்கு விடை காண முயன்றார். இருட்டறையில் நிகழும் வேலைகளைக் கேமராவுக்குள்ளேயே நிகழச் செய்தார். சிறு பையில் அடைத்த மருந்து, உருளைகளுக்கிடையே நசுங்கிப் படத்தாளில் பரவியது. 1947-இல் நியூயார்க் நகரில் அறிஞர் முன்னிலையில் ஒரு நிமிடத்தில் படத்தை உருவாக்கிக் காட்டினார்.

பின்னர் அவருடைய நிறுவனம், ஒளி ஊடுருவும் கறுப்பு வெள்ளைச் சிலைடுகளுக்கும் இத்தகைய பிலிமை ஆக்கியது. எடுத்த படத்தைச் சில நிமிடங்களிலேயே திரையில் பெரிதாகக் காட்ட முடிந்தது.

1977-இல் வெளியிட்ட உடனடித் திரைப்படக் கருவி பெரும் இழப்பைத் தந்தது. 1982-இல் நிறுவனத்தை விட்டு விலகினார். ஆராய்ச்சியை மட்டும் விட்டாரல்லர். 1991-இல் மறைந்தார். சிறியோர் வினாவையும் மதித்து ஆராய்வோரே அரியன காண்பர் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.