தாமஸ் ஆல்வா எடிசன்: ஒரு குடைக்கீழ் அமைந்த கருவிகள்

உலகில் தோன்றி மறைந்த அறிஞர் பலருள்ளும், மக்களின் நாள்வாழ்க்கையை அடியோடு மாற்றியமைத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதல்வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க நாட்டுத் தாமஸ் ஆல்வா எடிசன். அவர் கண்ட புதுமைகள் இன்னின்னவென்று நம் மாணவர் பலரும் இளமையிலேயே கற்றுள்ளனர். ஆயினும், அவர் தம் கருவிகளையெல்லாம் ஒன்றோடொன்று பிணைத்து ஒரு குடும்பமாக அமைத்த திறத்தையும், அப்பிணைப்பால் விளைந்த நன்மை தீமைகளையும் ஆராய்ந்தோர் அதிகமில்லை. அவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி இன்று நமக்கு வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. ஓசூரை அடுத்துள்ள டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபோனுக்குரிய உறுப்புகள் செய்யப்படுகின்றன. அதற்குத் தெற்கே, அஞ்செட்டிக் காடுகளினூடே, கன்னட நாட்டெல்லையை அடுத்திருக்கும் நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களையும் கைபேசி எட்டிவிட்டது. ஒரு நிறுவனத்தின் கைபேசியை வாங்கியவர் நாளடைவில் அந்நிறுவனத்தின் கடிகாரத்தையும், செவிக்கருவியையும், கணினியையும் வாங்கத் தலைப்படுகின்றார். ஒன்றில் எடுத்த படம் மற்றொன்றில் தானே தோன்றுகின்றது. ஒன்று தொலைந்தால் மற்றொன்று அதன் இருப்பிடத்தைக் காட்டுகின்றது. இவை பெருநலங்களே. ஆனால் ஆப்பிள் கடிகாரம் பிற நிறுவனக் கைபேசியோடு இணங்காது. ஒன்றை மாற்ற விரும்பினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய நிலை நேர்கின்றது. இஃது இக்காலத்துக்கே உரிய சிக்கலெனப் பலரும் எண்ணுகின்றனர். எடிசன் சரிதத்தை நோக்குவார்க்கு இது பழங்கதையே என்பது விளங்கும்.

எடிசன் 1847-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11-ஆம் நாள், ஒஹையோ மாகாணத்து மிலான் என்னும் ஊரில், தம் பெற்றோர்க்கு ஏழாவதும் இறுதியுமான மகவாகப் பிறந்தார். பள்ளியிற் பயின்ற காலம் சில திங்களே. ஆசிரியைத் தொழில் புரிந்திருந்த அன்னையே அவருக்குக் கல்வி புகட்டினார். பன்னிரண்டாம் வயதிலேயே அவர் புகைவண்டியிற் செய்தித்தாளும் தின்பண்டமும் விற்கப் புகுந்தார். 1862-இல் வண்டியிலேயே சிறு அச்சுப்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு வாரத்தாள் ஒன்றும் வெளியிட்டார். அவ்வாண்டே, ஓடிவந்த வண்டியின் வழியிலிருந்து நிலைய அதிகாரி ஒருவரின் குழந்தையை எடுத்துக் காத்தார். அந்நன்றியை மறவாத அதிகாரி அவருக்குத் தந்தித் தொழிலைக் கற்பித்தார். இளமையிலேயே செவிப்புலன் குன்றியும் அவர் ஊக்கம் குன்றவில்லை.

1869-இல் அவர் பெற்ற முதற் காப்புரிமை, சட்டசபையில் வாக்குகளை மின்சாரத்தால் எண்ணும் கருவிக்காகும். அதனை வாங்குவார் ஒருவருமிலர். மக்கள் வேண்டாத பொருளை ஆக்குவதில் பயனில்லை என்னும் பாடத்தை அவர் அன்று கற்றார். பின்னர் நியூயார்க்கிற்குச் சென்று, பங்குச்சந்தை விலைகளை அறிவிக்கும் தந்திக் கருவியைத் திருத்திப் பொருளீட்டினார். அப்பொருளைக்கொண்டு தொழிற்கூடம் நடத்தி, 1876-இல் நியூஜெர்சி மாகாணத்து மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டே பேசும் பொறியாகிய போனோகிராப் அங்கே பிறந்தது.

இனி, அவர் பெயரை நிலைநாட்டிய மின்விளக்கிற்கு வருவோம். மின்விளக்கை முதன்முதல் எண்ணியவர் அவரல்லர். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் முதலியோர் அவருக்கு முன்னரே அம்முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். பிறர் விளக்கை மட்டும் எண்ணினர். எடிசனோ விளக்கிற்குப் பின்னால் இருக்கவேண்டிய அனைத்தையும் எண்ணினார். மின்சாரத்தை வீடுதோறும் கொண்டுசெல்லச் செப்புக்கம்பி வேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் கம்பி தடிக்கவேண்டும். கம்பி தடித்தால் விலை ஏறும். விலை ஏறினால் வாயு விளக்கோடு போட்டியிட இயலாது. ஆதலின் சிறிய மின்னோட்டத்திலே ஒளிரத்தக்க, மின்தடை மிக்க விளக்கிழையை அவர் நாடினார். 1879-ஆம் ஆண்டு அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூல் பல மணி நேரம் ஒளிவிட்டது. அதன்பின் ஜப்பானிய மூங்கிலின் இழை அதனினும் சிறந்ததாயிற்று. இங்ஙனம் விளக்கின் இழையைத் தீர்மானித்தது தெருவிற் புதைக்கவேண்டிய கம்பியே என்பது கருதத்தக்கது.

விளக்கு ஒன்று கிடைத்தபோது அதனைச் செருகக் குமிழில்லை; மின்சாரத்தை அளக்க மானியில்லை; மண்ணிற் புதைக்கக் கம்பிக்குழாய் இல்லை; போதிய வலிமையுள்ள மின்னாக்கியுமில்லை. கடைகளிற் கிடையாத இவையனைத்தையும் அவரும் அவர்தம் கூட்டாளிகளும் தனித்தனிக் கம்பெனிகள் அமைத்துச் செய்தனர். 1882-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 4-ஆம் நாள், நியூயார்க்கு நகரத்துப் பெர்ல் தெருவில் நிலக்கரியால் இயங்கும் மின்னிலையம் தொடங்கிற்று. முதலில் 82 வாடிக்கையாளரின் 400 விளக்குகள் எரிந்தன. 1884-இல் அவை 10,000-க்கு மேற்பட்டன. உறுப்பு ஒவ்வொன்றும் மற்றொன்றை நோக்கியே சமைக்கப்பட்டமையால் அவை தம்முள் முரணின்றி இயங்கின. பழுது நேர்ந்தால் யாரைக் கேட்பதென்னும் ஐயமும் வாங்குவோர்க்கு இல்லை. ஒரு புதுமை பிறந்து நடை பழகுங்கால் ஒரே கையின் பிடி அதற்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்குப் பெர்ல் தெருவினும் தக்க சான்று வேறில்லை.

நிற்க. அப்பிடியே பின்னர் விலங்காகவும் மாறிற்று. எடிசன் அமைத்தது நேர்மின்னோட்ட முறை; ஏறத்தாழ 110 வோல்ட்டு அழுத்தம் உடையது. அம்முறையில் மின்னிலையத்திலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் மின்சாரத்தைச் செலுத்தினால் கம்பியிலேயே பெரும்பகுதி வீணாகும். வீணாகாமற் காக்கவோ செப்புச் செலவு கட்டாது. மாறுமின்னோட்டத்தை மின்மாற்றியால் உயரழுத்தத்திற்கு ஏற்றி, மெல்லிய கம்பி வழியே நெடுந்தூரம் அனுப்பி, ஊரருகே மீண்டும் இறக்கலாம். இதனை ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1886-இல் வாணிகமாக்கினார். நிகோலா டெஸ்லாவின் மோட்டார் 1888-இல் அதற்குத் துணையாக வந்தது. எடிசனோ தம் முறையைக் கைவிடவில்லை. கைவிடுதல் எளிதுமன்று; அவருடைய மானி, துத்தநாகத் தகட்டில் நிகழும் இரசாயன மாற்றத்தைக்கொண்டு அளப்பதாதலின் நேர்மின்னோட்டத்திற்கே உதவும். ஓர் உறுப்பை மாற்றின் யாவும் மாறவேண்டும். வாங்கினோரைப் பிணித்த கயிறு ஆக்கினோரையும் பிணித்தது.

அதனினும் வருந்தத்தக்கது பின் நிகழ்ந்தது. மாறுமின்னோட்டம் கொலைக்கருவி என்று அவர் தரப்பினர் பறையறைந்தனர். 1888-இல் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே நாய் முதலிய விலங்குகளை அம்மின்சாரத்தாற் கொன்று காட்டும் சோதனைகள் நடந்தன. 1890-இல் நியூயார்க்கு மாகாணத்தில் மின்சார நாற்காலியால் நிறைவேறிய முதற் கொலைத்தண்டனைக்கும் வெஸ்டிங்ஹவுஸ் பொறியே தேடிப் பயன்படுத்தப்பட்டது. தம் பொருளின் நலத்தைக் கூறுவதை விடுத்துப் பிறர் பொருள்மீது அச்சத்தை விளைப்பது பேரறிஞர்க்கு அழகன்று. ஆயினும் காலம் நிற்கவில்லை. 1892-இல் எடிசன் கம்பெனி மற்றொரு கம்பெனியோடு இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆயிற்று. அவர் பெயரே அதிலிருந்து மறைந்தது. புதிய கம்பெனி மாறுமின்னோட்டத்தைத் தயங்காது ஏற்றுக்கொண்டது.

அம்மாற்றத்தின் பயனை நம் எல்லைப்புறத்திலேயே காணலாம். நாட்றாம்பாளையத்துக் காடுகளைக் கடந்து ஒகேனக்கல் நோக்கி ஓடும் காவிரி, அதற்கு முன் மைசூர் நாட்டுச் சிவசமுத்திரத்தில் அருவியாய் வீழ்கின்றது. மைசூர்த் திவானாக விளங்கிய சர் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில், அவ்வருவியால் மின்சாரம் ஆக்கிக் கோலார் பொற்சுரங்கங்களுக்கு அனுப்பத் திட்டமிடப்பட்டது. அவர் 1901-இல் காலமானார். அடுத்த ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் மின்சாரம் 92 மைல் கடந்து சுரங்கத்தை அடைந்தது. அக்காலத்து உலகின் மிக நீண்ட மின்வழிகளுள் அஃது ஒன்று. 1905-இல் பெங்களூர்த் தெருக்களிலும் அம்மின்சாரம் ஒளிவிட்டது. அதற்கு மின்னாக்கிகளை அனுப்பியது ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியே. எடிசன் கொள்கையை அவர் வழிவந்த கம்பெனி இறுகப் பற்றியிருப்பின், காவிரியின் ஆற்றல் அருவிக்கு அருகிலேயே அடங்கியிருக்கும், கோலாருக்கு எட்டியிராது.

ஒருமுறை பட்டும் எடிசன் தம் வழக்கத்தை விடவில்லை. அசையும் படத்திற்காக அவருடைய ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பவர் 35 மில்லிமீட்டர் அகலமுள்ள துளையிட்ட படச்சுருளை அமைத்தார். அயல்நாடுகளில் எடிசன் அதற்குக் காப்புரிமை பெறாது விட்டமையால், ஐரோப்பியர் தாராளமாக அவ்வழியைப் பின்பற்றினர். 1909-இல் பாரிஸ் மாநாட்டில் அவ்வகலமே பொது அளவாயிற்று. நம் தமிழகத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் பொறியை வாங்கி, எடிசன் பெயரைத் தம் படக்காட்சிக்குச் சூட்டி, ஊர் ஊராகக் கூடாரமடித்துக் காட்டியது வியப்பன்று. ஆனால் சொந்த நாட்டில் எடிசன் பிற கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு 1908-இல் ஒரு கூட்டமைப்பு அமைத்தார். படம் காட்டுவோர் பொறியொன்றுக்கு வாரம் 2 டாலர் செலுத்தவேண்டும். கூட்டமைப்பின் படங்களையே காட்டவேண்டும். 1915-இல் அக்கூட்டமைப்புச் சட்டத்திற்கு முரணென நீதிமன்றம் தீர்த்தது. பொறியின் காப்புரிமையைக் காட்டி, அதிற் சுழலும் படத்தையும் தம்மிடமே பெறவேண்டுமென்று வற்புறுத்தலாகாது என 1917-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திற்று.

இசைத்தட்டின் கதையும் இத்தகையதே. 1912-இல் எடிசன் வெளியிட்ட தட்டு, வைரமுனையால் ஒலிப்பது. கால் அங்குலத் தடிப்புடையது. ஒலிநயத்தில் அக்காலத்துத் தட்டுகள் பலவற்றை வென்றது. ஆனால் அதன் வரிகள் மேலும் கீழுமாக வெட்டப்பட்டவை. பிறர் தட்டுகளோ பக்கவாட்டில் வெட்டப்பட்டவை. ஆகவே தனி மாற்றுறுப்பு இல்லாமல் எடிசன் தட்டு பிறர் பெட்டியில் ஒலியாது; பிறர் தட்டும் எடிசன் பெட்டியில் ஒலியாது. கருசோ போன்ற புகழ்பெற்ற பாடகர் வேறு கம்பெனியிற் பாடினர். எடிசனோ செவி மந்தமாயிருந்தும் தம் தட்டுக்குரிய பாட்டுகளைத் தாமே தேர்ந்தார். நம் நாட்டிற் பரவிய தட்டுகள் பக்கவாட்டு வகையினவே. பல கம்பெனிகளின் பாட்டுகளை ஒரே பெட்டியிற் கேட்க நம் முன்னோர்க்கு இயன்றது. 1929-இல் எடிசன் கம்பெனி இசைத்தட்டுத் தொழிலை நிறுத்திற்று. அவர் பெட்டியை விரும்பி வாங்கியோர்க்குப் புதுத் தட்டு வரும் வழி அன்றோடு அடைபட்டது.

இக்குறைகளால் அவர் பெருமை மறைவதில்லை. 1914-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருடைய வெஸ்ட் ஆரஞ்சு ஆலையிற் பெரும்பகுதி தீக்கிரையானபோது அவருக்கு வயது 67. மனம் தளராது விரைவிலேயே மீண்டும் தொழில் தொடங்கினார். அமெரிக்க நாட்டில் மட்டும் 1,093 காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 18-ஆம் நாள் அவர் காலமானார். அடக்க நாளிரவு அமெரிக்க மக்கள் தம் விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்து அவரை நினைவுகூர்ந்தனர்.

அவர் விட்டுச்சென்றவற்றுள் எவை நிலைத்தன, எவை அழிந்தன என்று நோக்குவோம். நியூயார்க்கில் எஞ்சியிருந்த நேர்மின்னோட்ட வழங்கலும் 2007-ஆம் ஆண்டு நவம்பரில் நின்றது. அவர் தட்டும் பெட்டியும் பொருட்காட்சிச் சாலைகளிற் கிடக்கின்றன. ஆனால் விளக்கின் அடியில் அவர் அமைத்த திருகுமுனையை இன்றும் உலகெங்கும் பல கம்பெனிகள் செய்கின்றன; அவர் கூடத்திற் பிறந்த 35 மில்லிமீட்டர்ச் சுருள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் திரையுலகை ஆண்டது. எல்லோர்க்கும் பொதுவாகியவை நிலைத்தன. தமக்கே என அடைத்தவை மறைந்தன.

இவ்வுண்மை இன்றைய ஆக்குவோர்க்கும் மெல்ல விளங்கி வருகின்றது. ஐபோனுக்கென நெடுங்காலம் தனியே வழங்கிய மின்னேற்றுமுனை 2023-இல் பொதுவகை முனைக்கு இடந்தந்தது; ஐரோப்பியச் சட்டம் புதிய கைபேசிகளுக்கெல்லாம் அப்பொதுமுனையை 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 28 முதல் கட்டாயமாக்கிற்று.

ஆதலின், ஒரு குடைக்கீழ் அமைந்த கருவிகளை வாங்குதல் தவறென்று நாம் கூறோம். அவற்றின் இணக்கமும் எளிமையும் மெய்யானவை. பெர்ல் தெரு ஒளிர்ந்தது அவ்விணக்கத்தாலேயே. ஆயினும் உள்ளே புகுமுன் வெளியேறும் வாயிலையும் மாணவர் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நாம் எழுதிய குறிப்புகளையும் எடுத்த படங்களையும் வேறு கருவியிற் படிக்கத்தக்க வடிவிற் பெயர்த்துக்கொள்ள இயலுமா? ஒன்று பழுதானால் அதனை மட்டும் வேறிடத்தில் வாங்கலாமா? ஆக்குவோர் நாளை அத்தொழிலைக் கைவிடின் நம் கையிலுள்ளது பயன்படுமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டபின் வாங்குவார் பின்னர் வருந்தார். நாளை ஓசூர் ஆலைகளிற் பொறிஞராகப் புகவிருக்கும் நம் மாணவரோ, தாம் ஆக்கும் கருவிக்கு அவ்வாயிலைத் தாமே வைப்பாராக. எடிசனின் உழைப்பையும் ஊக்கத்தையும் கைக்கொண்டு, அவர் அடைத்த கதவுகளைத் திறந்து வைப்பதே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் தக்க வணக்கமாகும்.