முதல் விமானத்துக்கு எஞ்சின் செய்த பட்டறைத் தொழிலாளி

ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட ரைட் சகோதரர்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த விமானத்துக்கு எஞ்சின் செய்தவர் யார் என்று கேட்டால், படித்த பெரியவர்களும் விழிப்பார்கள்.

அவர் பெயர் சார்லஸ் எட்வர்ட் டெய்லர். சார்லி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சைக்கிள் கடையில் வாரச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவர் கையால் செய்த அலுமினிய எஞ்சின்தான் ரைட் சகோதரர்களின் முதல் விமானத்தை ஆகாயத்தில் தூக்கிச் சென்றது. அந்த எஞ்சின் ஓடத் தொடங்கிய மறுநாளே உடைந்துபோனது என்பது பலருக்குத் தெரியாத கதை.

மணிக்கு 30 சென்ட்

1868-ம் வருஷம் மே 24-ந் தேதி, அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒரு மரக்குடிசையில் சார்லி பிறந்தார். சிறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். இரும்பு வேலை அவருக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான பிறகு ஓஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரத்துக்குக் குடிவந்தார்.

அங்கே வில்பர், ஆர்வில் என்ற இரண்டு சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பறக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. கடற்கரைக்குப் போய்ப் பறந்து பார்க்கும் நாட்களில் கடையைக் கவனிக்க நம்பகமான ஆள் வேண்டும். 1901-ம் வருஷம் சார்லியை வேலைக்கு அமர்த்தினார்கள். வாரத்துக்கு 18 டாலர். கணக்குப் பார்த்தால் மணிக்கு 30 சென்ட்.

எஞ்சின் கிடைக்கவில்லை

1902-ம் வருஷக் கடைசியில் சகோதரர்கள் விமானத்துக்கு எஞ்சின் தேடினார்கள். அது 8 குதிரைச் சக்தி கொடுக்க வேண்டும்; எடை 200 ராத்தலுக்கு மேல் போகக்கூடாது. பல மோட்டார் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அப்படி ஓர் எஞ்சினைச் செய்து தர யாரும் முன்வரவில்லை.

கடைசியில் தங்கள் கடையிலேயே செய்துகொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்த வேலை சார்லியின் தலையில் விழுந்தது.

அவருக்கு அதில் என்ன அனுபவம்? அதற்கு முன்பு ஒரே ஒரு மோட்டார் காரின் எஞ்சினைப் பழுது பார்க்க முயன்றிருந்தார். அவ்வளவுதான்! கடையில் இருந்தவை ஒரு லேத்தும், துளை போடும் எந்திரம் ஒன்றும், சில கைக்கருவிகளும்தான். முறையான வரைபடம் எதுவும் கிடையாது. மூவரும் கூடிப் பேசித் துண்டுக் காகிதத்தில் படம் போடுவார்கள். அந்தக் காகிதத்தைத் தம் மேஜைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு சார்லி வேலை செய்வார்.

கிராங்க் ஷாப்ட் செய்ய அவருக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட 100 ராத்தல் எடையுள்ள ஒரு எஃகுப் பலகை. அதன் மேல் உருவத்தைக் கீறி, கோட்டை ஒட்டி வரிசையாகத் துளைகள் போட்டார். வேண்டாத பாகத்தை உளியால் தட்டி எடுத்தார். மீதியை லேத்தில் கடைந்தார். முடிந்தபோது அதன் எடை 19 ராத்தல்!

அலுமினியம் ஏன்?

எஞ்சினின் உடல் பாகத்தை, அதாவது கிராங்க் கேஸை, இரும்பில் வார்த்தால் எடை தாங்காது. ஆகவே அலுமினியத்தில் வார்ப்பது என்று தீர்மானித்தார்கள். டேட்டன் நகரத்து வார்ப்படச் சாலை ஒன்று அதை வார்த்துக் கொடுத்தது. சுத்த அலுமினியம் மிருதுவானது. அதனால் நூற்றுக்கு 8 பங்கு செம்பு சேர்த்திருந்தார்கள்.

இந்தக் கலவையைப் பிற்காலத்து விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து, 1994-ம் வருஷம் முடிவை வெளியிட்டார்கள். அச்சுக்குள்ளேயே உலோகம் மெதுவாக ஆறியதால், அதற்கு இயல்பாகவே ஒரு கடினத்தன்மை வந்திருந்தது என்று கண்டார்கள். வார்த்தவர்களுக்கோ சார்லிக்கோ அந்த ரகசியம் தெரிய நியாயமில்லை.

ஆறே வாரத்தில் எஞ்சின் தயாராகிவிட்டது.

மறுநாள் வந்த இடி

1903-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி எஞ்சினை ஓடவிட்டார்கள். நன்றாக ஓடியது. கடை முழுவதும் சத்தம், புகை, சந்தோஷம்!

மறுநாள் மீண்டும் ஓட்டினார்கள். பெட்ரோல் சொட்டி பேரிங்குகளில் விழுந்தது. அவை இறுகிப் பிடித்துக்கொண்டன. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நின்றது. அந்த அதிர்ச்சியில் அலுமினிய உடல் உடைந்துவிட்டது.

இன்று இப்படி நடந்தால் ஒரு நல்ல வெல்டிங் பட்டறையைத் தேடிப் போகலாம். அன்று அந்த வழி இல்லை. ஆக்சிஜனும் அசிட்டிலினும் கலந்து எரியும் பற்றவைப்பு விளக்கு பிரான்சில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அது கிடைத்திருந்தாலும் அலுமினியம் லேசில் வசப்படும் உலோகம் அல்ல.

காரணம் இதுதான். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல் உண்டாகிவிடுகிறது. அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும். மேல்தோலோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆகவே தோல் அப்படியே இருக்க, உள்ளே உலோகம் தண்ணீராகிவிடும். இரும்பாவது சூடு ஏறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் இருந்து, திடீரென்று சரிந்து விழும். பழகாத கை பட்டால் விரிசல் இருந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சும்!

சார்லி மனம் தளரவில்லை. ஒட்டுப் போட்டுச் சமாளிக்கவும் நினைக்கவில்லை. மனிதன் ஏறிப் பறக்கப் போகிற எஞ்சின் அல்லவா? புதிய வார்ப்புக்குச் சொல்லி அனுப்பினார்கள். அது வந்து சேர ஏப்ரல் 20-ந் தேதி ஆகிவிட்டது. இரண்டு மாதம் போயிற்று. சார்லி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பொருத்தினார். மே மாதம் எஞ்சின் மீண்டும் ஓடியது. எடை சுமார் 180 ராத்தல். சக்தியோ கேட்டதற்கு மேலாக 12 குதிரைச் சக்தி!

பறந்தது

1903-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி, கிட்டி ஹாக் கடற்கரை அருகே அந்த விமானம் 12 வினாடி பறந்தது. அன்று நான்காவது முறை பறந்தபோது 59 வினாடி நேரத்தில் 852 அடி தூரம் போயிற்று. பிறகு பலத்த காற்று அடித்து விமானத்தைப் புரட்டித் தள்ளியது. எஞ்சினின் கால்கள் முறிந்தன. அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

சார்லி அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. அவர் டேட்டனில் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

1911-ம் வருஷம் ரோட்ஜர்ஸ் என்ற விமானி ரைட் விமானத்தில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். வழியில் விமானம் பல முறை விழுந்து நொறுங்கியது. கீழே ஒரு ரயில் பின்தொடர்ந்தது. அதில் பட்டறையோடு சென்றவர் சார்லி. நாளுக்கு 10 டாலர் கூலி. விழுந்ததை எடுத்து நிமிர்த்திப் பறக்கவிடுவது அவர் வேலை. பயணம் முடிந்தபோது விமானத்தில் பழைய பாகங்கள் மிகச் சிலவே மிஞ்சியிருந்தன!

பெயர் தெரியாத கிழவர்

பிற்காலத்தில் சார்லி கலிபோர்னியாவுக்குப் போனார். மனைவி இறந்தார். நிலத்தில் போட்ட பணம் பஞ்ச காலத்தில் கரைந்துபோயிற்று. வயதான காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விமானத் தொழிற்சாலையில் கூலிக்குச் சேர்ந்தார். மணிக்கு 37 சென்ட். உலகின் முதல் விமான எஞ்சினைச் செய்தவருக்கு, இத்தனை வருஷத்தில் 7 சென்ட்தான் கூடியிருந்தது! பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு அவர் யார் என்றே தெரியாது.

1937-ம் வருஷம் மோட்டார் அதிபர் ஹென்றி போர்டு அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். ரைட் சகோதரர்களின் பழைய கடையை ஒரு காட்சிசாலையாக அமைக்கும் பணியில் சார்லியைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் யுத்த காலத்தில் அவர் கலிபோர்னியாவுக்குத் திரும்பி மீண்டும் தொழிற்சாலைக்குப் போனார்.

அதே வருஷங்களில் அதே கலிபோர்னியாவில், நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் ஒரு புதிய வெல்டிங் முறையை உருவாக்கினார். டங்ஸ்டன் முனையில் மின்பொறியை எழுப்பி, காற்றுப் படாதபடி ஹீலியம் வாயுவால் அதைச் சுற்றி மூடும் முறை அது. முதலில் மக்னீசியத்துக்காக வந்தது. பிறகு அலுமினியத்துக்கும் கைகொடுத்தது. மாறுமின்சாரத்தைச் செலுத்தினால், அந்த மின்பொறியே பிடிவாதக்காரத் தோலை உடைத்துத் தள்ளிவிடுகிறது. எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, விரிசலைப் பள்ளமாக அராவி, வார்ப்பு முழுவதையும் நிதானமாகச் சூடாக்கி, முடிந்ததும் மெதுவாக ஆறவிட்டால் உடைந்த எஞ்சின் உடல் ஒன்றாகிவிடும். சார்லிக்கு அன்று இரண்டு மாதம் பிடித்த சங்கடம், கைதேர்ந்த வெல்டருக்கு இன்று சில மணி நேர வேலை.

ஆர்வில் ரைட் 1948-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி காலமானார். பழைய தோழரை அவர் மறக்கவில்லை. வருஷத்துக்கு 800 டாலர் சார்லிக்குக் கிடைக்கும்படி உயில் எழுதியிருந்தார். விலைவாசி ஏறிய காலத்தில் அது போதவில்லை. 1955-ம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் சார்லி படுத்திருப்பது வெளியே தெரிந்தது. விமானத் துறையினர் பணம் திரட்டி, அவரைத் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

1956-ம் வருஷம், ஆர்வில் இறந்த அதே ஜனவரி 30-ந் தேதி, சார்லி கண்ணை மூடினார். அப்போது அவருக்கு வயது 87.

அவர் பிறந்த மே 24-ந் தேதியை அமெரிக்காவில் விமானம் பழுது பார்க்கும் தொழிலாளர்களின் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தொழிலில் 50 வருஷம் உழைத்தவர்களுக்கு அவர் பெயரால் விருது கொடுக்கிறார்கள். பறப்பவர்களை உலகம் அண்ணாந்து பார்க்கிறது. அவர்கள் பத்திரமாகத் தரை இறங்குவதற்கு, கீழே கையில் எண்ணெயோடு நிற்கும் சார்லிகள்தான் காரணம்.