தண்டனை முடிந்தும் சிறையிருந்த செம்மல்

தென்னாப்பிரிக்க விடுதலைப் போரை நினைக்குந்தோறும் மண்டேலாவின் பெயரே நம் நாவில் முதற்கண் எழுகின்றது. அவரோடு ஒருங்கு வைத்து நாம் போற்றத்தக்க மற்றொருவர் ராபர்ட் சொபுக்வே.

1924-ஆம் ஆண்டு, கிராஃப்-ரெய்னெட் என்னும் ஊரில் ஏழைக் குடும்பத்திற் பிறந்த இவர், கல்வியால் உயர்ந்து விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சூலு மொழி பயிற்றும் ஆசிரியரானார். 1959-இல் அனைத்தாப்பிரிக்கக் காங்கிரஸின் தலைவரானார். கறுப்பின மக்கள் தம் தாய்நாட்டிலேயே அனுமதிச் சீட்டுடன் நடமாட வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துப் பதவியைத் துறந்தார். 1960 மார்ச் 21 அன்று சீட்டின்றிக் காவல் நிலையம் சென்று, தம்மைச் சிறைப்படுத்துமாறு கோரினார். அன்றே ஷார்ப்வில்லில் காவலர் சுட்டதில், அரசுக் கணக்கின்படி 69 பேர் மாண்டனர்.

இவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பெற்றது. 1963-இல் தண்டனை முடிந்தது, சிறைக்கதவு திறக்கவில்லை. இவரை மேலும் அடைத்து வைக்கவென்றே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. ஆண்டுதோறும் அதனைப் புதுப்பித்து, ராபன் தீவில் தனிவீட்டில் ஆறாண்டுகள் காவலில் வைத்தனர். ஏனைய கைதிகளோடு பேசவும் தடை. அவர்கள் அவ்வழியே செல்லுங்கால் ஒருபிடி மண்ணை அள்ளி உதிர்த்துக் காட்டுவாராம். நாம் இம்மண்ணின் மைந்தர் என்பது அதன் குறிப்பு.

1969-இல் கிம்பர்லி நகருக்கு அனுப்பப்பெற்றார். அங்கே வழக்கறிஞராகப் பணிபுரிந்தும், அனுமதியின்றி ஊரைவிட்டு நகர இயலாதவராய், 1978-இல் தம் 53-ஆம் வயதில் மறைந்தார்.

பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நாம், விரும்பியபோது ஊர் சென்று மீள்கின்றோம். எவரும் நம்மிடம் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை. அவ்வுரிமையின் அருமையை நம் மக்கட்கு உணர்த்த இவர் வரலாறு ஒன்றே சாலும்.