ஆக்னர் எர்லாங்

ஆக்னர் கிராருப் எர்லாங் (சனவரி 1, 1878 – பெப்ரவரி 3, 1929) டென்மார்க்கு நாட்டுக் கணிதவியலாளர். வரிசைக் கோட்பாட்டின் முன்னோடி.

பள்ளி ஆசிரியராக இருந்த இவர் 1908இல் கோபனாவன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். இணைப்பகத்தில் தடங்கள் குறைந்தால் அழைப்புகள் மறுக்கப்படும். மிகுந்தால் பணம் வீணாகும். எத்தனை தடங்கள் போதும்? தற்செயலாக வரும் அழைப்புகள் பாய்சான் பரவலைப் பின்பற்றுகின்றன என 1909இல் காட்டினார். அழைப்பு இழக்கப்படும் நிகழ்தகவையும் காத்திருக்கும் நேரத்தையும் கணிக்கும் வாய்பாடுகளை 1917இல் வெளியிட்டார்.

இன்றைய பிணைய நிலைமாற்றிகளில் தரவுப் பொதிகள் கொத்துக்கொத்தாக வருகின்றன. உடனே மறுக்கப்படாமல் இடைநினைவகத்தில் காத்திருக்கின்றன. ஆகவே இவரது இழப்பு வாய்பாடு அங்கு அப்படியே பொருந்தாது. காத்திருப்பைக் கணிப்பதற்கோ இவர் தொடங்கிய வரிசைக் கோட்பாடே இன்றும் அடிப்படையாகும்.

1946இல் தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு எர்லாங் எனப் பெயரிடப்பட்டது. ஒரு தடம் இடைவிடாது பயன்பாட்டில் இருந்தால் அதன் சுமை ஓர் எர்லாங் ஆகும்.